கிலுகிலுப்பை விரியனுக்கு எந்த லென்ஸ்?

அரிசோனாவின் சகுவாரோ தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும்போது எல்லோரும் கேட்பது, எந்த லென்ஸில் படம் கூர்மையாக வரும் என்பதுதான். விஷப் பாம்பு என்றால் நான் பார்ப்பது கூர்மையை அல்ல, தூரத்தை.

அங்கே அடிக்கடி கண்ணில் படுவது மேற்கத்திய வைரமுதுகு கிலுகிலுப்பை விரியன். நான்கடிப் பாம்பு என்று வைத்துக்கொள்வோம். தன் நீளத்தில் பாதிவரை, அதாவது இரண்டடி பாய்ந்து கொத்தும். சில வேளை இன்னும் கொஞ்சம். சுருண்டு கிடந்தால் ஓரடி அகலம் இருக்கும். அந்தச் சுருள் ஃபிரேமை நிறைக்க எவ்வளவு நெருங்க வேண்டும்?

கைபேசியின் வழக்கமான லென்ஸுக்கு ஓரடிக்கும் குறைவு. அதை நிலக்காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 100 மி.மீ. மேக்ரோவுக்கு, அதாவது சிறு பொருள்களை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸுக்கு, மூன்றரை அடி. இரண்டடிப் பாய்ச்சலுக்கு அப்பால்தான், கணக்கு தப்பவில்லை; தப்புவது நம் ஆசை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி ஒன்று உண்டு. அதைப் படம் பிடிக்கத்தானே மேக்ரோ வாங்கினோம்? முழு உருப்பெருக்கத்துக்குப் போனால் லென்ஸுக்கும் பாம்புக்கும் இடையே ஒரு சாண்கூட மிஞ்சாது.

100–400 மி.மீ. ஜூமை 400-இல் வைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று அடி. என் ஓட்டு இதற்குத்தான். அத்தனை தள்ளி அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பாம்பு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சுருளின் விளிம்பில் தலையைச் சாய்த்து, எலி வரும் வழியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். இது குட்டி போடும் இனம்; குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும்வரை தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். கோடை முடிவில் அந்தக் காட்சி வாய்த்தால் ஜூமைத் தவிர வேறெதையும் எடுக்கத் தோன்றாது.

வாலை நிமிர்த்திக் கிலுகிலுக்கும் படத்துக்குத்தான் மவுசு அதிகம். எனக்கோ அது, எடுத்தவர் எல்லை மீறி நெருங்கியதற்கான சாட்சியாகவே தெரிகிறது. குச்சியால் சீண்டி அதை வரவழைப்பது தேசியப் பூங்கா விதிப்படி குற்றமும்கூட.

ஜூமிலும் குறை உண்டு. கனம். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும். வசந்தகாலக் காலை வேளையே அதற்கு ஏற்றது. நின்றபடி எடுத்தால் பாம்பு தரையோடு தரையாகத் தட்டையாகிவிடும், உட்கார வேண்டும். உட்காருமுன் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை இரவுகளில் மட்டும் ஜூம் தோற்றுப்போகிறது. பாம்புகள் நடமாடும் நேரம் அது, வெளிச்சமோ இல்லை. அப்போது ஃபிளாஷோடு மேக்ரோதான். ஆனால் கிளம்புமுன்பே ஃபோகஸ் வளையத்தை மூன்றரை அடியில் நிறுத்தி, அதன்மேல் ஒட்டுநாடா சுற்றிவிடுகிறேன். கண்ணருகே இருக்கும் அந்தக் குழியை வீட்டில் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.