மங்கோலிய உழைப்பு பேட்ஜ் வாங்குபவர்கள் கவனிக்க: என் 41,600 ரூபாய் போய்விட்டது

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னொருவர் இதே ஆளிடம் பணத்தைக் கட்டிவிடுவார். அதனால் இப்போதே எழுதுகிறேன். மங்கோலிய மக்கள் குடியரசு காலத்து உழைப்பு பேட்ஜ் ஒன்றுக்கு 41,600 ரூபாய் கொடுத்தேன். வந்தது போலி. கேட்டால் "இது அரிய வகை" என்கிறார்கள்.

41,600 ரூபாய். தபால் செலவும் சுங்கத் தீர்வையும் தனி.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய நாணயம், பதக்கம், பேட்ஜ் எல்லாம் ஏலம் விடுகிற ஒரு வெளிநாட்டு இணையச் சந்தை. வாங்குபவரின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று எல்லாப் பக்கத்திலும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். விற்றவர் மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

இந்த பேட்ஜ்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மங்கோலியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1948இல் தொடங்கியது. ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, நெக்தெல் என்கிற கூட்டுப்பண்ணையின் மேய்ப்பர் என்று, இலக்கை மிஞ்சி உழைத்தவர்களின் சட்டையில் அரசு பேட்ஜ் குத்தியது. உயர்ந்த விருதுகள் பலவும் சோவியத் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை. காலம் மாற மாற இவற்றில் சின்னச் சின்ன வேறுபாடுகள் வந்தன. பழையவற்றில் மேலிருந்து கீழாக எழுதும் மங்கோலிய எழுத்து இருக்கும். 1946இல் சிரில்லிக், அதாவது ரஷ்ய மொழிக்குப் பயன்படும் எழுத்து முறை, அதிகாரபூர்வ எழுத்தான பிறகு பேட்ஜிலும் அதுவே வந்தது. 1960இல் அரசியலமைப்போடு சேர்ந்து அரசுச் சின்னமும் மாறியது. கீழே பல்சக்கரமும் இருபுறமும் கோதுமைக் கதிரும் நடுவில் சூரியனை நோக்கிப் பாயும் குதிரைவீரனும் கொண்ட சின்னம் அதற்குப் பிறகு வந்ததுதான். பின்புறத்தில் முதலில் திருகும் நட்டும், பிற்பாடு ஊசி. ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு காலமும் காரணமும் உண்டு. இரண்டு விரல் அகல உலோகத்தில் ஒரு நாடு மாறிய கதையே தெரியும். அதற்காகத்தான் இவற்றைச் சேர்க்கிறேன்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். பட்டியலில் "1950களின் தொடக்கம், முன்னணி உழைப்பாளி, திருகு வகை, பித்தளை, சூட்டு எனாமல்" என்று போட்டிருந்தது. படத்தில் சிவப்பு எனாமல் ஆழமாக, ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து தெரிந்தது. கண்ணாடித் தூளை உலையில் உருக்கிச் செய்கிற எனாமல் அப்படித்தான் பெயரும். மேலே அரசுச் சின்னம் இருந்த இடம் மட்டும் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது. வேறு வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டேன். அவர் படம் அனுப்பவில்லை, வீடியோவே அனுப்பினார். ஒரு கை பேட்ஜைத் திருப்புகிறது. கறுத்த வட்ட நட்டை இரண்டு விரலால் மெதுவாகக் கழற்றுகிறது. திருகின் பள்ளங்களில் பழைய அழுக்கு. அடியில் கையால் பொறித்த எண், கடைசி இலக்கம் சற்றே சாய்ந்து. தன் தாத்தா அர்கான்கை மாகாணத்தில் மேய்ப்பராக இருந்தவர், நெக்தெலில் அவருக்குக் கொடுத்தது, வீட்டில் கஷ்டம், அதனால்தான் விற்கிறோம் என்று எழுதினார். 1990க்குப் பிறகு, சோஷலிச ஆட்சி போனதும், அந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் பதக்கங்களை விற்றது உண்மை. அந்த உண்மையைத்தான் இந்த ஆள் பயன்படுத்திக்கொண்டார். "உங்களைப் போல மதிக்கத் தெரிந்தவரிடம் போனால் தாத்தா சந்தோஷப்படுவார்" என்று கடைசியாக ஒரு வரி. அன்றைக்கே 41,600 ரூபாயைக் கட்டினேன்.

வந்த பேட்ஜை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். உழைப்பு என்பதற்கு மங்கோலிய மொழியில் ஹொதொல்மொர். சிரில்லிக்கில் எழுதும்போது அதில் மூன்று இடங்களில் நடுவே குறுக்குக் கோடு போட்ட வட்ட எழுத்து வரும். ரஷ்ய மொழியில் அந்த எழுத்து கிடையாது. பட்டியல் படத்தில் மூன்றிலும் கோடு தெளிவாக இருந்தது. என் கையில் இருந்ததில் மூன்றுமே வெறும் வட்டம். ரஷ்ய எழுத்துருவை வைத்து அச்சு செய்திருக்கிறார்கள், தாங்கள் என்ன எழுதுகிறோம் என்றுகூடத் தெரியாமல். மேலே சின்னத்தில் பல்சக்கரமும் கோதுமைக் கதிரும். 1950களின் பேட்ஜில் 1960இன் சின்னம்! சிவப்புப் பூச்சு நகப்பாலிஷ் போல மேடாக நிற்கிறது, ஊசி முனை பட்டால் பள்ளம் விழுகிறது. பித்தளை என்ற உடல் காந்தத்தில் ஒட்டுகிறது. அந்தச் சாய்ந்த இலக்கம் பின்புறத்தில் எங்கேயும் இல்லை. எண்ணே வேறு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்றவரிடம் படங்களை வைத்துக் கேட்டால், "சிரில்லிக் புதிதாக வந்த காலத்தில் எழுத்து இன்னும் நிலைப்படவில்லை, இது அந்த அரிய வகை, நீங்கள் அதிர்ஷ்டசாலி" என்று பதில். எழுத்து நிலைப்படாத காலத்து பேட்ஜ் என்றால் 1960இன் சின்னம் அதில் எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

தளத்தில் புகார் கொடுத்தேன். முதலில் தானியங்கிப் பதில். பிறகு ஒரு மனிதர் வந்து, விற்பனையாளரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பேசியாயிற்று என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், "படத்துக்கும் பொருளுக்கும் சிறு வேறுபாடு இருப்பது இயல்பு" என்றார் இன்னொருவர். எண்ணே மாறியிருப்பது சிறு வேறுபாடா? அடுத்து, போலி என்பதற்கு அங்கீகாரம் பெற்ற நிபுணரின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். யாருடைய சான்றிதழை ஏற்பீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பார்சல் சுங்கத்தில் கிடந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, புகாருக்கான அவகாசம் முடிந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். பாதுகாப்பு என்று பெரிதாகப் போட்டது அவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. 41,600 ரூபாயும் போனது, பதில் சொல்லவும் ஆளில்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது இருக்கும் நிலையில் இவ்வளவுதான் முடிகிறது. நீங்கள் கேட்கிற பாகத்தைக் காட்டாமல் வேறு பாகத்தைக் காட்டினால் ஏலம் கேட்காதீர்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி, பேட்ஜோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "அரிய வகை" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டு, ஏன் மாறியது என்று கேளுங்கள். அந்தக் குறுக்குக் கோட்டைப் பாருங்கள். பல்சக்கரத்தைப் பாருங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், அன்றைக்கே புகார் கொடுங்கள்.

இதை எழுதும் முன் தளத்தில் போய்ப் பார்த்தேன். அதே படங்கள், அதே சாய்ந்த இலக்கம், புது ஏலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை அது மாமாவுடையதாம். யாரும் கேட்காதீர்கள்.