ஹூக்கப் இல்லாத இடத்தில் ட்ரெய்லர் பேட்டரி: எங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை

நாங்கள் இருப்பது ஃபீனிக்ஸ். 22 அடி ட்ராவல் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சில வருடங்களாக அரிசோனா, யூட்டா, கலிஃபோர்னியா பாலைவனம் என்று சுற்றுகிறோம், பெரும்பாலும் கரண்ட் ஹூக்கப் (ட்ரெய்லரைச் செருகிக்கொள்ள கேம்ப்கிரவுண்ட் தருகிற கரண்ட் இணைப்பு) இல்லாத இடங்களில்தான். இதுவரை செலவழித்ததில் அதிகம் பலன் தந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் ஷண்ட் என்பேன், பேட்டரிக்குள் போய்வருகிற கரண்டை அளக்கிற கருவி. பேட்டரியும் சோலாரும் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் போட்டிருப்பது விக்ட்ரான் ஸ்மார்ட்ஷண்ட். பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் வருகிற எல்லா ஒயரும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒரே ஒரு ஒயர் நேராக பேட்டரிக்குப் போனாலும் கணக்கு தப்பிவிடும். எத்தனை ஆம்ப் போகிறது, எத்தனை வருகிறது என்று போனில் பார்த்துக்கொள்ளலாம். ட்ரெய்லரோடு வருகிற நாலு விளக்கு பேனல் வெறும் வோல்டேஜைப் பார்த்து எரிகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் எப்போதும் ஃபுல் என்றே காட்டும். லித்தியம் பேட்டரிக்கு அது சுத்தமாக உதவாது, பாதிக்கு மேல் காலியான பிறகும் லித்தியம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

ஷண்டைப் பார்க்க ஆரம்பித்ததும் வீட்டில் "லைட்டை அணை" சண்டை நின்றுபோனது. எல்ஈடி விளக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கரண்டைக் குடிப்பது ட்ரெய்லரைச் சூடாக்குகிற ஃபர்னஸ். ப்ரொப்பேனில்தானே எரிகிறது, பேட்டரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டைத் தள்ளுகிற ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுகிறது, எங்களுடையது ஓடும்போது 7 ஆம்ப் இழுக்கிறது. யூட்டாவின் ப்ரைஸ் கேன்யனில் நார்த் கேம்ப்கிரவுண்ட் சுமார் 8000 அடி உயரம், ஹூக்கப் கிடையாது, அக்டோபரிலேயே ராத்திரி உறைநிலைக்குக் கீழே போய்விடும். அங்கே பத்து மணி நேர ராத்திரியில் ஃபர்னஸ் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்ப்-ஹவர் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) போச்சு. ட்ரெய்லரோடு வந்த குரூப் 24 அளவு லெட்-ஆசிட் பேட்டரி பேருக்கு 80 ஆம்ப்-ஹவர். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 40. பம்ப், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, கேஸ் டிடெக்டர் எல்லாம் அதிலிருந்துதான்.

விடிகாலை நாலு மணிக்கு என்ன நடக்கும் என்றால், ஃபேன் சத்தம் மெல்ல இறங்கும், ஆனால் நிற்காது. காற்று போதுமான வேகத்தில் அடித்தால்தான் மூடுகிற ஒரு சின்ன சுவிட்ச் ஃபர்னஸுக்குள் உண்டு, அது மூடாவிட்டால் கேஸ் திறக்காது. ஆக நெருப்பு பற்றாமல், வெறும் குளிர்காற்றை ஊதி ஊதியே மிச்சம் இருக்கிற பேட்டரியையும் அது முடித்துவிடும். இதைப் பார்த்துவிட்டு ஃபர்னஸ் ரிப்பேர் என்று கடைக்கு ஓட வேண்டாம், முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

இப்போது இருப்பது 100 ஆம்ப்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு. ஒன்று 1280 வாட்-ஹவர், கிட்டத்தட்ட முழுசையும் பயன்படுத்தலாம். நல்ல பொருள்தான், ஆனால் விற்கிறவர்கள் மெதுவாகச் சொல்கிற விஷயங்கள் சில இருக்கின்றன. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் பெரும்பாலும் தடுத்துவிடும். ட்ரெய்லர் முன்னால் வெளியே மாட்டினால் குளிர்காலக் காலையில் வெயில் அடிக்கும், பேனல் தயாராக இருக்கும், பேட்டரி வாங்கிக்கொள்ளாது. அதனால் எங்களுடையதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம் (லெட்-ஆசிட்டை இப்படி உள்ளே வைக்கக் கூடாது, அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்). இடம் மாற்றும்போது ப்ரேக்அவே சுவிட்ச் ஒயரை மறக்காதீர்கள், ட்ரெய்லர் கழன்றால் ப்ரேக் பிடிப்பது இந்த பேட்டரியில்தான். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது, லித்தியம் ஃபுல் ஆக 14.2-க்கு மேல் வேண்டும், ஆக அதையும் மாற்ற வேண்டிவந்தது.

அந்தச் செலவு வீண் இல்லை என்று தெரிந்தது கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில். அங்கே ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டில் கரண்டும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டும். லெட்-ஆசிட் முக்கால்வாசி ஏறியதும் சார்ஜை நத்தை வேகத்தில் வாங்கும், இரண்டு மணி நேரத்தில் ஃபுல் ஆவது நடக்காத காரியம். லித்தியம் அப்படி இல்லை, கிட்டத்தட்ட கடைசி வரை கன்வெர்ட்டர் தருவதை வாங்கிக்கொள்கிறது. 50 ஆம்ப் வீதம் ஒரே சுற்றில் 100 ஆம்ப்-ஹவர்!

சோலாரைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் வேறு. கூரையில் படுக்கவைத்த பேனல் கோடையில் சரி. ஆனால் பாலைவனத்தில் நாம் தங்குவது குளிர்காலத்தில். அரிசோனாவின் க்வார்ட்ஸ்சைட்டில் டிசம்பர் உச்சிவெயிலே 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், படுத்திருக்கிற பேனலுக்கு நேர்வெயிலில் பாதிக்குச் சற்று மேலே மட்டும் கிடைக்கும். போதாததற்கு ஏசி பெட்டியின் நிழல் வேறு. 200 வாட் மடக்கு பேனலைத் தரையில் சாய்த்து வைத்து, மதியம் ஒருமுறை திருப்பிவைப்பது நன்றாக வேலை செய்கிறது. காற்று அடிக்கும், கட்டிவையுங்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி மிக்ஸி. தாராளமாக ஓட்டலாம். 110 வோல்ட் 550 வாட் மிக்ஸியில் சட்னி அரைக்க இரண்டு நிமிடம், 2 ஆம்ப்-ஹவர்கூட ஆகாது. பியூர் சைன் (வீட்டு கரண்ட் போலவே சீரான அலை தருகிற) இன்வெர்ட்டராக இருக்கட்டும். அரைத்து முடித்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிட வேண்டும், சும்மா இருந்தாலே அது ஒன்று இரண்டு ஆம்ப் இழுக்கும், ஒரு நாள் முழுக்க விட்டால் ஃபர்னஸ் கணக்குக்கு வந்துவிடும். மைக்ரோவேவ் 120 ஆம்புக்கு மேல் கேட்கும், பால் சூடு பண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். சோறு குக்கரில், கேஸ் அடுப்பில்.

புதுசாக ட்ரெய்லர் வாங்கப்போகிறவர்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்து வாங்குங்கள். இப்போது வருகிற பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், நாளுக்கு 50 ஆம்ப்-ஹவர் வரை அதற்கே போகலாம். சீக்கிரம் குளிர்கிறது, ட்ரெய்லர் சாய்ந்து நின்றாலும் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஹூக்கப் இல்லாமல் தங்குகிற எங்களுக்கு அது கட்டாது, பழைய கேஸ் ஃப்ரிட்ஜ் ஓடுகிறவரை ஓடட்டும்.