மாவட்ட மருத்துவமனைக்கு எந்த மயக்க மருந்து இயந்திரம்? மலாவியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆப்பிரிக்க நாடான மலாவியில் நான் பணிபுரியும் மாவட்ட மருத்துவமனையின் அறுவை அரங்குக்கு ஒரு மயக்க மருந்து இயந்திரம் தேவைப்பட்டது. இருந்த பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும். திரையும் சென்சாரும் நிறைந்த நவீன ஒர்க்ஸ்டேஷன் ஒருபுறம், யூ.ஏ.எம். எனப்படும் யுனிவர்சல் அனஸ்தீசியா மெஷின் மறுபுறம். நாங்கள் யூ.ஏ.எம். வாங்கினோம். இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிட்டேன்.

இயந்திரமே எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே சிசேரியன்களில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டே முடிந்துவிடுகின்றன. ஆனால் அந்த ஊசி சரியாக வேலை செய்யாத தாய்க்கும், குடல் கிழிந்து வருபவருக்கும், அசையாமல் படுக்க மறுக்கும் குழந்தைக்கும் முழு மயக்கம்தான் வழி. ஊசியாகப் போடும் கெட்டமின் என்ற மயக்க மருந்து கைகொடுக்கும், எல்லாவற்றுக்கும் அல்ல. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை எட்டவில்லை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2015-ல் சொன்னபோது, மயக்க மருந்து வசதியையும் சேர்த்துத்தான் கணக்கிட்டது.

தமிழ்நாட்டில் பாயில்ஸ் மெஷின் என்ற பழைய வகை மயக்க மருந்து இயந்திரத்தில் பழகியவர்களுக்கு ஒர்க்ஸ்டேஷன் அந்நியமாக இருக்காது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனை நம்பி இயங்கும் அதே குடும்பம்தான். மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவைத் திரையில் காட்டும், வென்டிலேட்டர் தானாக இயங்கும், வாயுவைச் சுழற்சியில் விட்டு மருந்தை மிச்சப்படுத்தும். இவை சிறிய நன்மைகள் அல்ல.

யூ.ஏ.எம். வேறு வகை. மலாவியின் பிளான்டயர் நகரிலுள்ள குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் பால் ஃபென்டன் வடிவமைத்தது. அதிலேயே ஓர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது. அறைக் காற்றிலுள்ள நைட்ரஜனை சியோலைட் என்ற கனிமத் துகள்கள் பிடித்துக்கொள்ள, மீதி ஆக்சிஜன் நோயாளிக்குப் போகிறது. மின்சாரம் போனால் கான்சன்ட்ரேட்டரின் இரைச்சல் நிற்கும், மயக்கம் கலையாது. சிலிண்டர் இருந்தால் அதிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் துருத்தியை அழுத்த அழுத்த, அறைக் காற்றே, மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசர் வழியாக மருந்தைச் சுமந்துகொண்டு போகும். அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆகவே விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒர்க்ஸ்டேஷனுக்கும் பேட்டரி உண்டு. ஆனால் ஆக்சிஜன் வரத்து நின்றால் பேட்டரியால் என்ன செய்ய முடியும்? எரிபொருள் தட்டுப்பாட்டில் சிலிண்டர் லாரி வராமல் போவது இங்கே கேள்விப்படாத செய்தி அல்ல.

இவ்வளவையும் விட எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வளம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இயங்காமல் கிடப்பதாக 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. மலாவியின் மருத்துவமனைகளைச் சுற்றி வந்தவர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இருக்காது. நன்கொடையாக வந்த ஓர் ஒர்க்ஸ்டேஷன் தாழ்வாரத்தில் துணி போர்த்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல்தட்டில் கையுறைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய பழுது ஒன்றுமில்லை. ஆக்சிஜன் சென்சார் தேய்ந்துவிட்டது. மின்வேதியியல் முறையில் இயங்கும் அந்தச் சென்சார், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தேயும். அது போனதும், காலையில் இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போதே தேறாமல் நின்றுவிட்டது. மாற்றுச் சென்சார் அந்த நிறுவனத்திடம்தான் கிடைக்கும், விலை டாலரில்.

டாலர் என்பதுதான் இங்கே பெரிய தலைவலி. 2023 நவம்பரில் ஒரே நாளில் ஒரு டாலரின் மதிப்பு மலாவி நாணயத்தில் சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவுக்கு ஏறியது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் டாலரில் இருந்தால், மாவட்ட மருத்துவமனையின் குவாச்சா பட்ஜெட் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பணம் இருந்தாலும் வங்கியில் டாலர் கிடைக்க வேண்டும்.

யூ.ஏ.எம்.-இலும் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வேறுபாடு, எது பழுதானால் இயந்திரம் நிற்கும் என்பதில் இருக்கிறது. மின்னணுப் பாகம் போனாலும் துருத்தியும் வேப்பரைசரும் வேலை செய்யும். அன்றாடக் கவனிப்பை அரங்கில் இருப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம். கான்சன்ட்ரேட்டரின் பஞ்சு வடிகட்டியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் சியோலைட் கெடும், அதை நம்மால் சரிசெய்ய முடியாது. வறண்ட மாதங்களில் செம்மண் தூசி வடிகட்டியைச் சீக்கிரமே அடைத்துவிடும். இங்கே மயக்கம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் டாக்டர்கள் அல்ல, அதற்கென்று பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆபீசர்கள். எங்கள் அரங்கில் வடிகட்டி வேலை அவர்கள் பொறுப்பு. என்னைவிடக் கறாராகச் செய்கிறார்கள்.

குறைகளும் உண்டு. மணிக்கணக்கில் நீளும் அறுவையில் துருத்தியைக் கையால் அழுத்திக்கொண்டிருப்பது தண்டனை. தனி வென்டிலேட்டரை இணைத்துப் பயன்படுத்துகிறார்கள். நான் பயன்படுத்தியதில்லை, ஆகவே அதைப் பற்றிச் சான்றிதழ் தர மாட்டேன். கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்த அனுபவமும் எனக்குக் குறைவு. கூடியவரை மத்திய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறோம். சுழற்சி முறை இல்லாததால் மருந்து கூடுதலாகச் செலவாகிறது. ஹாலோதேன் என்ற மயக்க மருந்து தாராளமாகக் கிடைத்த காலத்தில் அது பெரிய கவலையாக இருந்திருக்காது. இப்போது அது அரிதாகி வருகிறது, மாற்றாக வரும் ஐசோஃப்ளுரேனின் விலை கையைக் கடிக்கிறது. இந்தக் கணக்கில் ஒர்க்ஸ்டேஷன் ஒரு நாள் வெல்லக்கூடும்.

குழாய் வழி ஆக்சிஜனும், பழுது பார்க்கத் தெரிந்த பொறியாளரும் இருக்கும் மத்திய மருத்துவமனைக்கு என்றால் நானே ஒர்க்ஸ்டேஷனைத்தான் கேட்பேன். மாவட்டத்தில் யாராவது அதை இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான சென்சார்களையும், சுழலும் வாயுவிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமையும் கொடுத்து, பழுது பார்க்க ஆளும் அனுப்புவீர்களா என்று முதலில் கேட்பேன்.