செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவண மையம்: போலி வீரரைப் பிடிக்க எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் ஒருவர், "நான் வியட்நாமில் சண்டை போட்டவன், கேப்டனாக இருந்தவன்" என்று சொன்னால், அது நிஜமா என்று யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். அதற்கென்று ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் இருக்கும் நேஷனல் பர்சனெல் ரெக்கார்ட்ஸ் சென்டர். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு இது. படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகள் அங்கே கோடிக்கணக்கில் இருக்கின்றன. நான் அமெரிக்கக் குடிமகள்கூட இல்லை, கிரீன் கார்டுதான். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்க அதுவே தேவையில்லை.

எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சங்கத்தில் ஒரு பெரியவர். கிரீன் பெரே சிறப்புப் படையில் கேப்டன், சில்வர் ஸ்டார் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர் என்று எல்லோரும் சொல்வார்கள், அவர் சொல்லித்தான். காயம்பட்ட வீரர்களுக்கு வீடு கட்டித் தருவதாக ஒரு அறக்கட்டளை தொடங்கப் போவதாகவும், சங்க நிதியிலிருந்து ஒரு காசோலை வேண்டும் என்றும் கேட்டார். காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். அவர் கதையில் எனக்கு முதலில் உறுத்தியது, அதில் போர் மட்டும்தான் இருந்தது. என் அப்பா இந்திய ராணுவத்தில், படைக்குச் சாமான் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி ஓட்டினவர். அவரைக் கேட்டால் ரேஷன் மூட்டை, பஞ்சரான டயர், லீவு கிடைக்காத தீபாவளி என்றுதான் போகும். பொய் சொல்பவர் யாரும் தன்னை டிரைவர் என்றோ சமையல்காரர் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, அந்த ஆவண மையத்தின் சேவைக்கு வருவோம். எஸ்.எஃப். 180 என்று ஒரு படிவம். முழுப் பெயர், பிறந்த தேதி, எந்தப் படை, ஏறக்குறைய எந்த வருடங்கள் என்று கேட்கும். ராணுவ எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ தெரிந்தால் தேடுவது சுலபம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண் நமக்கு எப்படித் தெரியும்? பிறந்த தேதி தெரிந்தது, எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சங்கத்தில் கேக் வெட்டியிருந்தோம். இந்த விவரங்கள் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் எழுதிப் போட்டால் பயனில்லை. ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். பூர்த்தி செய்து தபாலில் அனுப்பினேன். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. படையிலிருந்து விலகி 62 வருடம் ஆனவர்களின் கோப்புகள் மட்டும் பொது ஆவணமாகிவிடும், அவற்றின் நகலுக்கு ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர்.

மூன்றாம் நபருக்கு என்ன தருவார்கள் என்பதில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பணியில் இருந்த தேதிகள், பதவி, எங்கெங்கே பணியாற்றினார், என்னென்ன பயிற்சி, என்னென்ன பதக்கம், இவையெல்லாம் வரும். மருத்துவக் குறிப்பு வராது. எந்த விதத்தில் வெளியேற்றப்பட்டார் என்பதும் வராது. எனக்கு இது நியாயமாகவே பட்டது. ஒருவர் சொன்ன பொய்யைச் சரிபார்க்க அவருடைய நோய்கள் எனக்கு எதற்கு?

பதிலில் வந்தது: இரண்டு வருடப் பணி, ஸ்பெஷலிஸ்ட் நான்காம் நிலை (அதிகாரி அல்லாத ஒரு கீழ்ப் பதவி), ஜெர்மனியில் சப்ளை கிளர்க், 1968-ல் விலகல். பதக்க வரிசையில் நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல் மட்டும். அந்தக் காலத்தில் பணியில் இருந்த ஏறக்குறைய எல்லோருக்கும் அது உண்டு. வியட்நாம் போனவருக்குக் கிடைக்கும் வியட்நாம் சர்வீஸ் மெடல் இல்லை. சிறப்புப் படைப் பயிற்சி இல்லை. கேப்டனும் இல்லை, ஸ்டாரும் இல்லை.

சங்கத் தலைவர் அவரிடம் தனியாகக் கேட்டபோது இரண்டு பதில் வந்தது. "என் கோப்பு தீயில் எரிந்துவிட்டது, மீதி எல்லாம் ரகசியம்." இந்தச் சேவையின் அருமை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். தீ நிஜம். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தின் ஆறாவது மாடி பற்றி எரிந்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் கோப்புகள் வரை போயின, நகல் கிடையாது. ஆனால் எது எரிந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தரைப்படையில் 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம். விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விலகியவர்களில், அகரவரிசையில் ஹப்பர்ட், ஜேம்ஸ் ஈ. என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம். கடற்படை, மரீன் கோப்புகளை அந்தத் தீ தொடவில்லை. 1968-ல் தரைப்படையிலிருந்து விலகியவரின் கோப்பை எரிக்க அந்தத் தீக்கு வழியே இல்லை. அதைவிட முக்கியம், கோப்பு எரிந்திருந்தால் எனக்கு இத்தனை விவரத்தோடு பதில் வந்திருக்காதே. நிஜமாகவே எரிந்த கோப்புகளுக்கும் சம்பளப் பட்டியல் மாதிரி வேறு ஆவணங்களை வைத்துப் பணிக்காலத்தை மீட்டுத் தருகிறார்கள். "ரகசியம்" கதையும் அப்படித்தான். போன வேலை ரகசியமாக இருக்கலாம், ஆனால் எந்தப் பயிற்சி முடித்தார், எந்தப் பதவியில் இருந்தார் என்பது கோப்பில் இருக்கும்.

காசோலை போகவில்லை. அதோடு விட்டுவிட்டோம். கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் மறித்து, "உன் பதக்கம் எங்கே வாங்கியது?" என்று கத்தும் வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அப்படி மறிக்கப்பட்டவர்களில் நிஜமான வீரர்களும் இருந்திருக்கிறார்கள். முதலில் காகிதம் வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதே குற்றம் என்று 2006-ல் அமலுக்கு வந்த சட்டம் சொன்னது. கலிஃபோர்னியாவில் குடிநீர் வாரிய உறுப்பினர் ஒருவர் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வாங்கியதாகக் கூட்டத்தில் சொல்லி மாட்டிக்கொண்டார். ஆல்வரெஸ் வழக்கு என்று பெயர். 2012-ல் உச்ச நீதிமன்றம், வெறும் பொய்யும் பேச்சுரிமைக்குள் வருகிறது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2013-ல் வந்த புதுச் சட்டம், குறிப்பிட்ட சில பதக்கங்களைச் சொல்லிப் பணமோ வேறு ஆதாயமோ பெறப் பார்த்தால் மட்டும் குற்றம் என்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த கொஞ்ச நாளிலேயே பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பெரிய வீரப் பதக்கங்கள் வாங்கியவர்களின் பெயர்களை ஓர் இணையதளத்தில் போடத் தொடங்கியது. பார்க்க எளிது. ஆனால் அதிலுள்ள சில்வர் ஸ்டார் பட்டியல் 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தையது என்பதால் வியட்நாம் கதைகளுக்கு உதவாது.

செயின்ட் லூயிஸுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு புள்ளி ஏன் குறைகிறது என்றால், இந்தச் சேவை சொந்தப் பெயரில் பொய் சொல்பவரை மட்டும்தான் பிடிக்கும். விஷயம் தெரிந்து ஊரிலிருந்து சித்தி பெண் போன் பண்ணினாள். "அக்கா, நீங்கதான் அந்த ஆபீசுக்கு எழுதிப் போடுவீங்களே, இவரையும் கொஞ்சம் பாருங்க." இவர் என்பவர் சிரியாவில் இருக்கும் அமெரிக்க ஜெனரலாம், மனைவி இறந்துவிட்டாராம், இவளைக் கல்யாணம் செய்துகொள்ள லீவு வேண்டுமாம், லீவுக்கு ஏதோ கட்டணம் கட்ட வேண்டுமாம். பெயரைத் தேடினால் அப்படி ஓர் அதிகாரி நிஜமாகவே இருக்கிறார், படத்தோடு. அதுதான் ஆபத்து. எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் "ஆம், ஜெனரல்தான்" என்றுதான் இருக்கும், அதை நம்பி அவளும் பணத்தைக் கட்டியிருப்பாள். யார் பெயரைத் திருடியிருக்கிறான் என்பதைத்தான் ஆவணம் சொல்லும், யார் திருடினான் என்பதைச் சொல்லாது.

இந்த வகைக்கு அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.ஐ.டி. சொல்லியிருப்பதே போதும்: லீவுக்கோ கல்யாணத்துக்கோ எந்தச் சிப்பாயும் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ராணுவ மின்னஞ்சல் முகவரி .மில் என்றுதான் முடியும். அந்த முகவரியிலிருந்து ஒரு வரி அனுப்பச் சொல் என்றேன். பாதுகாப்புக் காரணங்களால் முடியாது என்று பதில் வந்ததாம், கூடவே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பும்படி ஒரு வேண்டுகோளும். "ஜெனரலுக்கு எதுக்குக்கா கிஃப்ட் கார்டு?" என்று அவளே கேட்டுவிட்டு அன்றைக்கே அந்த எண்ணைத் தடை செய்தாள்.