அலமாரி மாட்ட ஆள் புக் பண்றீங்களா, இத படிச்சிட்டு பண்ணுங்க

பலகை பலகையா அட்டைப்பெட்டில வர்ற மூணு கதவு வார்ட்ரோப், தனி ஆளா தூக்கி நிறுத்துற வெயிட் இல்ல, அதனால அசெம்பிளி மட்டும் பண்ணிக் குடுக்குற ஒரு சர்வீஸ்ல முழு காசையும் கட்டி புக் பண்ணேன். கம்பெனி பேர் வேணாம், நடந்தத மட்டும் சொல்றேன்.

வந்தவரு மேனுவல பிரிக்கவே இல்ல, "நான் பாக்காத மாடலா சார்"னு சொல்லிட்டு மெஷின எடுத்து ஃபுல் ஸ்பீடுல டர்ர்ருனு ஏத்த ஆரம்பிச்சிட்டாரு. இந்த பலகை எல்லாம் பார்ட்டிகிள் போர்டுங்க, மரத்தூள பசை போட்டு அழுத்துனது, ஸ்க்ரூ உக்காந்ததுக்கு அப்புறமும் மெஷின் சுத்திட்டே இருந்தா உள்ள மரை புடிச்ச இடம் பொடியாகிடும், அப்புறம் அந்த ஓட்டைல எதுவும் நிக்காது. ஓட்டைய சுத்தி தூள் கொட்டுதேன்னு கேட்டா "புதுசுன்னா அப்படித்தான்"னு பதில்.

அடுத்து மரக்குச்சி. 8 மிமீ தடிமன்ல கோடு கோடா இருக்குமே அது, பாதிக்கு மேல கவர்லயே கெடக்கு. கேட்டா ஸ்பேராம். ஸ்பேர்னா ஒண்ணு ரெண்டு இருக்கும், ஒரு கை நெறையவா இருக்கும்? கேம் லாக்குன்னா ஒரு பலகைல இருக்குற போல்ட்டோட தலைய இன்னொரு பலகைல இருந்து கவ்வி திருப்புற வட்ட பூட்டு, அதோட வேலை ரெண்டு பலகைய இழுத்து சேத்து புடிக்கிறது, பலகை அசையாம நேரா நிக்கிறதும் மேல இருந்து வர்ற பாரத்த தாங்குறதும் பெரும்பாலும் அந்த குச்சிதான். அத போடலன்னா மொத்த லோடும் ஏற்கனவே பொடியான ஓட்டைல இருக்குற போல்ட் மேல.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. பின்னாடி ஆணி அடிக்கிற மெல்லிசு ஷீட் இருக்கே, அது சும்மா மறைப்புக்கு இல்ல, பெட்டி சாயாம சதுரமா நிக்கிறதே அதாலதான். அத அடிக்கிறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை குறுக்கா டேப் வெச்சு பாக்கணும், ரெண்டு அளவும் ஒண்ணா வந்தாதான் சதுரம். இவரு டேப்ப வெளியவே எடுக்கல, பெட்டி கோணலா இருக்கும்போதே அடிச்சிட்டாரு. நிமுத்தி கதவ மாட்டுனா மேல ஒரு சந்து கீழ ஒரு சந்து, உடனே கீல்ல இருக்குற ஸ்க்ரூவ அப்படி இப்படி திருப்பி கதவு மட்டும் நேரா தெரியுற மாதிரி செட் பண்ணிட்டாரு, சாமர்த்தியம்தான். அதோட நிக்கல, காட்டுங்கன்னு என் போன வாங்கி வேலை முடிஞ்சதுன்னு அமுக்கி அஞ்சு ஸ்டாரும் அவரே போட்டுக்கிட்டாரு.

துணி அடுக்கி கொஞ்ச நாள்தான், நடு கதவு உரச ஆரம்பிச்சுது, பின்னாடி ஷீட் ஆணியோட பிதுங்கி நிக்குது. கம்பெனிக்கு போட்டோ அனுப்புனா நீங்கதான் ஓகே குடுத்திருக்கீங்க, ஓவர்லோட் பண்ணிருக்கீங்கன்னு காப்பி பேஸ்ட் பதில். அப்புறம் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் வந்து பிரிச்சாரு, கேம் போல்ட்ட ரெண்டு விரலால புடிச்சு இழுத்தாரு, கையோட வந்துருச்சு, கூடவே ஒரு சிட்டிகை தூளும். ஓட்டைல மர பசை விட்டு குச்சி அடிச்சு, நல்லா காய விட்டு, அதுக்கப்புறம் மறுபடி துளை போட்டு கையாலயே முடுக்குனாரு. இப்ப நிக்குது.

நீங்க புக் பண்ணா, பின் ஷீட் அடிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்த சொல்லி உள்பக்கம் போட்டோ எடுத்துக்கங்க, மேனுவல் முதல் பக்கங்கள்ல பார்ட்ஸ் லிஸ்ட் இருக்கும், மிஞ்சுனத அதோட ஒப்பிட்டு பாருங்க, போன மட்டும் கைல குடுத்துறாதீங்க. அலமாரி முன்னாடி சாயாம சுவத்தோட சேத்து மாட்டுற கிளாம்ப் பெட்டியோடயே வந்துச்சு, "இவ்ளோ வெயிட்டு எங்க சார் போவப்போவுது"ன்னு அதையும் போடாம போயிட்டாரு. குழந்தைங்க மேல சாஞ்சு உசுரு போனதாலதான் 2016ல அமெரிக்காவுல ஐகியா சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிய ரீகால் பண்ணுச்சு, அதனால குழந்தை இருக்குற வீட்டுல இத விடவே விடாதீங்க, புக் பண்ணும்போதே இது சேத்தியான்னு எழுத்துல வாங்கிருங்க. நான் இத கேட்டு போட்ட கம்ப்ளைன்ட்டுக்கு வந்த பதில், அது தனி சர்வீஸாம், தனியா புக் பண்ணணுமாம், அதே ஆள அனுப்புறாங்களாம்.