ஓல்-இன்-வன் கடல்நீர்த் தொட்டி: நடு அறைக்காக வாங்கலாம்

பெட்டியில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான். 45 சென்ரிமீற்றர் நீளம், 35 அகலம், 40 உயரத்தில் கண்ணாடி. பின்பக்கம் 9 சென்ரிமீற்றர் விட்டு ஒரு கறுப்பு மறைப்பு. அதற்குப் பின்னால் மூன்று அறை. கூடவே மோட்டர், எல்.ஈ.டி. விளக்கு, ஹீற்றர், பஞ்சு, செரமிக் வளையம், பிளாஸ்ரிக் உப்புமானி, சோதனைத் தாள். திருகோணமலையில் வீட்டில் கடல்மீனும் பாசியும் வளர்க்க நினைப்பவர் இதை வாங்கலாம். கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானவை கண்ணாடியும் நடு அறையும். மீதியில் பாதி இந்த ஊருக்குத் தேவையில்லை. மற்றப் பாதி நன்னீருக்குச் செய்தது.

பெட்டியில் 60 லீற்றர் என்று போட்டிருக்கும். விளிம்பிலிருந்து நாலு சென்ரிமீற்றர் விட்டு நிரப்பி, கல்லும் மண்ணும் போட்டால் மிஞ்சுவது 45 லீற்றர். உப்பு, மருந்து, மீன் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இந்த 45தான் கணக்கு. நிரப்பிய தொட்டி 75 கிலோவுக்குக் கிட்ட வரும். ரீவி ஸ்ராண்டில் வைக்கும் சாமான் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் பத்திரிகைத் தாள் விரித்து, நன்னீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். சிலிக்கன் மூட்டு கசிந்தால் தாள் காட்டிக் கொடுக்கும். உப்புநீர் ஊற்றிய பிறகு கண்டுபிடித்தால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

ஹீற்றரை வெளியே எடுத்து வையுங்கள். மார்கழி இரவிலும் இங்கே வீட்டுக்குள் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. மலிவான ஹீற்றர் கெடும்போது அணையாமல் கெட்டால் மீன் வெந்துபோகும். இந்த ஊரில் பிரச்சினை மறுபக்கம்: கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தொட்டி 31, 32 பாகை தொடும். 30 பாகையில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஒட்சிசன் லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவுதான். அதே சூட்டில் நன்னீர் ஏழரை பிடிக்கும். கண்ணாடி மூடியைக் கழற்றி, மெல்லிய வலைச் சட்டம் போட்டு (மீன் பாயும், வலை கட்டாயம்), 12 வோல்ற் கொம்பியூட்டர் விசிறி ஒன்றைத் தண்ணீரின் மேல் சாய்த்து ஊதவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

இறங்கும் சூட்டுக்கு விலை ஆவியாதல். இந்தத் தொட்டியின் பெரிய குறை அங்கேதான் தெரியும். மூன்று அறையில் கடைசி மோட்டர் அறை. தொட்டியில் எங்கே தண்ணீர் வற்றினாலும் மட்டம் குறைவது அந்த அறையில் மட்டும். அதன் பரப்பு 10 க்கு 9, அதாவது 90 சதுர சென்ரிமீற்றர். ஒரு நாளில் அரை லீற்றர் வற்றினால் அங்கே ஐந்தரை சென்ரிமீற்றர் இறங்கும். விசிறியும் கச்சானும் சேர்ந்தால் அரை லீற்றர் பெரிய விஷயமே இல்லை. இரண்டு நாள் வீட்டில் ஆள் இல்லையென்றால் மோட்டர் காற்றை உறிஞ்சி, தொட்டி முழுக்கப் பால்போல் நுரைக் குமிழி அடித்து, கடைசியில் எரிந்துபோகும். மோட்டர் அறைக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் அதுவரைக்கும் நன்னீர் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றக்கூடாது, ஆவியாவது தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. 45 லீற்றரில் 2 லீற்றர் வற்றினால் 35 இல் (ஆயிரம் பங்கில் 35 பங்கு) இருந்த உப்பு 36.6 ஆகும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கி விடுங்கள். கரையோரக் கிணற்று நீரில் உவர் இருக்கலாம், அளந்து பாருங்கள்.

மிதவை வால்வு பூட்டித் தானாக நிரப்பலாம். அதற்கு வைக்கும் நன்னீர்க் கான் 5 லீற்றருக்கு மேல் வேண்டாம். வால்வு திறந்தபடி சிக்கினால் 5 லீற்றர் முழுவதும் உள்ளே வந்து உப்பு 31.5 க்கு இறங்கும்; அதை மீன் தாங்கும். 20 லீற்றர்க் கான் வைத்தால் தாங்காது.

இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல குணம்: கறண்ட் போனாலும் வீட்டுத் தரை நனையாது. தனியாகக் கீழே வடிகட்டித் தொட்டி வைப்பவர்களுக்கு இருக்கும் பயம் இங்கே இல்லை. எல்லா அறைக்கும் விளிம்பு ஒன்று. தண்ணீர் மட்டம் சமனாகி நின்றுவிடும். கறண்ட் இல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால் பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்று போதும்.

கூட வரும் மோட்டரைப் போடுமுன் சுழலியைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். வெள்ளை செரமிக் என்றால் ஓட்டலாம். பளபளக்கும் உலோகமென்றால் நன்னீருக்கு உரியது. கடல்நீரில் துரு விட்டு இறுகும். உப்புமானியின் முள் இன்னொரு ஏமாற்று. முள்ளில் ஒட்டும் சின்னக் காற்றுக் குமிழி அதை மேலே தூக்கி உப்பைக் கூட்டிக் காட்டும். காய்ந்த உப்பு படிந்தால் குறைத்துக் காட்டும். 35 இன் சோதனைக் கரைசல் விட்டுச் சரிசெய்த ரிஃப்ராக்ரோமீற்றர் (ஒளி முறிவை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள். வெறும் நன்னீரில் பூச்சியம் வைத்தது போதாது.

இனி நடு அறை. வரும்போது அதில் பஞ்சும் செரமிக் வளையமும் நிறைந்திருக்கும். அவை அழுக்கைப் பிடித்து வைத்து, அழுகவிட்டு, நைற்றேற்றாகத் திருப்பித் தருகின்றன. மாதத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அதுவே தொட்டியின் குப்பைக்கிடங்கு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அங்கே பாசி வளருங்கள். பின்கண்ணாடியின் வெளிப்பக்கக் கறுப்புத் தாளில், நடு அறைக்கு நேராக 12 க்கு 20 சென்ரிமீற்றர் சன்னல் ஒன்றை பிளேற்றால் வெட்டி உரியுங்கள். 10 வோற் எல்.ஈ.டி. ஃப்ளட் விளக்கை அதற்கு வெளியே நாலு சென்ரிமீற்றர் தள்ளிப் பூட்டுங்கள். நீர் புகாத வகை நல்லது. உப்புத்தூள் எங்கும் ஏறும். வயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து போகட்டும், வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டு இணைப்பில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அறைக்கு ஏற்றது கீற்றோமோர்பா, கடைக்காரர் சொல்வதுபோல் ‘கீற்றோ’. சிக்குப்பட்ட பச்சைத் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். வேர் கிடையாது, எதையும் பற்றிப் பிடிக்காது. ஒரு கைப்பிடி போட்டால் போதும். அடியில் பிளாஸ்ரிக் கம்பிவலைத் துண்டு வைத்தால் நீர்வழி அடைபடாது. முன்தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் இந்த விளக்கு எரியட்டும், 10 முதல் 12 மணித்தியாலம். இருட்டில் பாசியும் மீனும் காபனீரொட்சைட்டு விட, பி.எச். விடியற்காலையில் விழும், பின்னால் ஒரு பாசிக்கூட்டம் வெளிச்சத்தில் நின்றால் அந்த விழுச்சி குறையும்.

அறை நிறைந்ததும் பாதியை வெட்டி எறியுங்கள். அந்தப் பாதியோடுதான் நைற்றேற்றும் பொஸ்பேற்றும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. வெட்டாமல் வைத்திருந்தால் உள்ளே வெளிச்சம் போகாமல் நடுப்பகுதி கறுத்துக் கூழாகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கும். கிழமைக்கு ஒருமுறை உருண்டையைப் புரட்டிப் போடுங்கள். விளக்குப் பக்கம் மட்டும் வெளுத்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள். முழுவதும் வெளிறினால் பசி: நைற்றேற் அல்லது பொஸ்பேற் பூச்சியம் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் இரும்புச் சத்து தீர்ந்திருக்கும். நைற்றேற் 2 முதல் 10, பொஸ்பேற் 0.03 முதல் 0.1 வரை லீற்றருக்கு மில்லிகிராம் நின்றால் பாசியும் மீனும் சந்தோஷம். பெட்டியோடு வரும் சோதனைத் தாள் இந்த அளவுகளைக் காட்டாது. கடல்நீருக்கான சொட்டு மருந்துச் சோதனை வேண்டும். அறுந்த இழைகள் மோட்டர் வாயையும் முன்பக்கச் சீப்புத் துவாரத்தையும் (முன்தொட்டி நீர் பின் அறைக்குள் போகும் சீப்புப்பல் போன்ற வழி) அடைக்கும். சீப்பு அடைத்தால் முன்தொட்டி மட்டம் ஏறி, மோட்டர் அறை வறளும். வாய்க்குக் கரடான பஞ்சு, சீப்புக்கு ஒரு பழைய பல்துலக்கி.

கோலர்ப்பா, அதாவது கடல்திராட்சை, பார்க்க அழகு. ஆனால் 45 லீற்றருக்கு ஆபத்தான அழகு. சில வேளை ஒரே இரவில் முழுக்கொடியும் உள்ளே இருந்ததை நீரில் விட்டுவிட்டு வெறும் கண்ணாடித் தோலாக நிற்கும்; தண்ணீர் பச்சைப்பாலாகும், ஒட்சிசன் விழும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். முனை வெளுக்கத் தொடங்கினால் அதுதான் முன்னறிவிப்பு, உடனே அள்ளி எடுங்கள். முன்தொட்டி அழகுக்குச் சிவப்புப் பாசி வேண்டுமென்றால் கிரசிலேரியா. கஞ்சிப்பாசியும் அந்த இனம்தான். ‘சிலோன் மொஸ்’ என்று வெளியூரில் பெயரெடுத்தது. கடற்கரையில் அள்ளியதைத் தனி வாளியில் சில நாள் வைத்து, நண்டுக்குஞ்சும் புழுவும் வெளியேறிய பிறகு போடுங்கள். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுப் பக்கம் வேண்டாம். அது 2003 இலிருந்து தேசியப் பூங்கா. செத்த முருகைக்கல்கூட எடுக்கமுடியாது. தொட்டிக்குக் கடைகளில் விற்கும் செயற்கைப் பாறை போதும்.

கடல்மண் எடுப்பவர்கள் ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையில் போட்டு மண்ணுக்குள் ஓட்டிப் பாருங்கள். புல்மோட்டையில் இல்மனைற் அகழ்கிறார்கள் என்பது ஊரறிந்தது; இந்தக் கரையின் கறுப்பு மணலில் பலமான காந்தத்துக்கு வரும் துகள் இருக்கலாம். அது கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டி, துடைக்கத் துடைக்கக் கீறும். மோட்டர் சுழலியிலும் போய் அப்பும்.

தண்ணீர்தான் இந்த ஊரின் வசதி. உப்புத்தூள் வாங்கிக் கரைக்கத் தேவையில்லை, உப்புவெளி நிலாவெளிப் பக்கத்துத் திறந்த கடல் கையெட்டும் தூரம். உட்துறைமுகத்துத் தண்ணீர் வேண்டாம், கப்பல் எண்ணெய். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுகிறது. மழைக்காலத்தில் அங்கே உப்பு இறங்கும். வாடைக்காற்று மாதங்களில் எங்கே எடுத்தாலும் அளந்தே எடுங்கள். 30 காட்டும் 20 லீற்றரை 35 ஆக்கக் கடல்தொட்டி உப்புக்கலவை 110 முதல் 120 கிராம் போகும். சமையல் உப்பு போட்டால் கல்சியமும் மக்னீசியமும் வராது. எடுத்த நீரை மெல்லிய துணியில் வடித்து, மூடிய உணவுக் கானில் இருட்டில் இரண்டு கிழமை வையுங்கள். மிதக்கும் உயிர்கள் செத்து அடியில் படியும், மேல்நீரை மட்டும் எடுங்கள். கிழமைக்கு நாலு லீற்றர் மாற்றினால் பாசிக்கு வேண்டிய நுண்சத்தும் அதிலேயே வந்துவிடும்.

மீன் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அரைவாசியாக்குங்கள், பிறகும் அரைவாசியாக்குங்கள். ஒரு சோடி கோமாளி மீன், அல்லது ஓர் உழுவை மீனும் இறாலும். அவ்வளவுதான் 45 லீற்றருக்கு. ஓரா மாதிரி பாசி மேயும் எதையும் போட்டால் கஞ்சிப்பாசி அதற்குக் காலைச் சாப்பாடு. அமோனியாவும் நைற்றைற்றும் பூச்சியம் காட்டும்வரை, பொதுவாக நாலு முதல் ஆறு கிழமை, மீன் வேண்டாம்.

இதே வடிவத்தில் 30 லீற்றர்த் தொட்டியும் விற்கிறார்கள், விலையும் குறைவு. கடையில் மேலிருந்து கையை நடு அறைக்குள் விட்டுப் பாருங்கள். முட்டி மடக்கிய கை உள்ளே போகாவிட்டால் பாசியை வெட்டவும் புரட்டவும் முடியாது. அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.