வாடகை வீடு தேடும் ஆப்கள்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பெருநகரத்தில் பல வருடமாக வாடகைக் குடித்தனம்தான். வீடு மாற வேண்டி வந்தால் முதலில் திறப்பது தேடல் ஆப்களைத்தான். ஒரு பகுதியில் வாடகை என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நமக்குக் கட்டுப்படியாகும் வீட்டை இவை எடுத்துக் கொடுத்துவிடாது. அந்த வேலை நம்முடையது.

பட்ஜெட் ஃபில்டரிலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. அது காட்டுவது வெறும் வாடகை. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் என்னால் கொடுக்க முடிந்த தொகைக்குக் கீழேயே ஃபில்டரை நிறுத்துவேன். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளின் வாடகைக்கு 1969-ல் வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981-ல் அதை 30 ஆக்கினார்கள். அந்த எண்தான் இன்று பொதுவிதி போலப் புழங்குகிறது. கடன் தவணையும் குழந்தையின் படிப்புச் செலவும் இருக்கிற குடும்பத்துக்கு 30 கூட அதிகம்தான்.

வாடகையோடு பயணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் 22 வேலைநாளில் 33 மணி நேரம் போய்விடும். ஊருக்கு வெளியே வாடகை குறைவு என்று போகிறவர்கள் அந்த மணி நேரத்துக்கும் ஒரு விலை வைத்துப் பார்க்க வேண்டும்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் போனின் அகலக்கோண லென்ஸில் எடுத்தவை. பத்தடி அறை மண்டபம் மாதிரி தெரியும். படத்தின் ஓரத்தில் கதவுச் சட்டம் சாய்ந்திருந்தாலோ, வட்டமான வாஷ்பேசின் முட்டை வடிவத்தில் இழுபட்டிருந்தாலோ புரிந்துகொள்ளலாம். அப்போது நான் தரையைப் பார்த்து டைல்ஸ் எண்ணுவேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான் பரவலாகப் போடுகிறார்கள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு என்றால் அறை பத்துக்குப் பன்னிரண்டு. கட்டிலும் பீரோவும் போட்டால் மிச்சம் எவ்வளவு என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். விளம்பரத்தில் போடும் சதுர அடியை நம்ப வேண்டாம். பல இடங்களில் படிக்கட்டு, வராந்தாவில் உள்ள பங்கையும் அதில் சேர்த்திருப்பார்கள். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுச் சுவர்களுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு, எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்த தொல்லை, ஆள் குடிவந்த பிறகும் எடுக்காத விளம்பரங்கள். போன் செய்தால் "அது இப்பதான் போச்சு சார், பக்கத்துலயே வேற ஒண்ணு இருக்கு" என்பார் புரோக்கர். அந்த "வேற ஒண்ணு" எப்போதும் நம் பட்ஜெட்டைத் தாண்டித்தான் இருக்கும். புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, அலர்ட் போட்டு, விளம்பரம் வந்த அன்றே கூப்பிட்டால் இது பாதி குறையும்.

அதே சமயம் வாரக்கணக்கில் காலியாகவே கிடக்கிற வீட்டை விட்டுவிடாதீர்கள். பேரம் படிவது அங்கேதான். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஓனருக்கு வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். 5 சதவீதம் குறைத்துக் கொடுப்பது அவருக்கும் லாபம். இதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் பலரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

வீட்டைப் பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு சுவரில் மட்டும், அதுவும் இடுப்பளவுக்குப் புதுப் பெயின்ட் என்றால் ஓதம் இருக்கலாம். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று நின்று பாருங்கள். மின் மீட்டர் தனியா, பொதுவா என்று கேளுங்கள். மாடிப்படியில் எதிர்ப்படும் குடித்தனக்காரரிடம் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஓனர் சொல்லாததெல்லாம் அவர் சொல்லிவிடுவார்.

வீட்டைக் காட்டும் முன்பே டோக்கன் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். "வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்பது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. அந்தப் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தால் சில சமயம் வேறு ஊர் வீட்டின் படமாக இருக்கும்.

குடிபோகும் நாளில் சாமான் இறக்குவதற்கு முன் சுவர், கதவு, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுகிறேன். முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம், காலி செய்தால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

ஆப் நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். வாடகையோடு மற்ற மாதச் செலவையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டுங்கள். விளம்பரம் முதன்முதலில் எந்தத் தேதியில் வந்தது என்பதையும் மறைக்காமல் போடுங்கள்.